முத்திரையிடாத மடல்கள்

பிறர்க்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தல் இழிசெயல் என்பது நம் முன்னோர் நமக்குப் புகட்டிய ஒழுக்கங்களுள் ஒன்று. தபாற்காரர் படலையடியில் நின்று சைக்கிள் மணியை அடித்துக் கொடுத்த உறையை, யாருடைய பெயர் அதன்மேல் எழுதப்பட்டிருந்ததோ அவரே கிழித்தார். எழுத்தறியாத தாயொருத்தி மலாயாவிலிருந்து வந்த மகனின் கடிதத்தை அயல்வீட்டுப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்தபோது, வாசித்த பிள்ளை அதன் உள்ளடக்கத்தை ஒழுங்கையில் எவருக்கும் சொல்லலாகாது என்பது எழுதப்படாத சட்டமாயிருந்தது. சொன்ன பிள்ளைக்கு அடியும் கிடைத்தது.

அந்த உறை இன்று இல்லை. அதன்மேல் ஒட்டிய முத்திரையும் இல்லை. கடிதம் கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. திருநெல்வேலித் தோட்டக்காரர் வெங்காய விலையை அதில் கேட்கிறார். பரந்தன் கமக்காரர் குளத்து நீர் எப்போது திறக்கப்படும் என்பதை அதில் அறிகிறார். வைத்தியர் நோயாளியின் படத்தை அதில் சக வைத்தியருக்கு அனுப்புகிறார். சட்டத்தரணி கட்சிக்காரரோடு அதில் வழக்குப் பேசுகிறார். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள் பெற்றோரின் முகத்தைக் காண்பதும் அதிலேதான். வட்ஸ்அப், வைபர், மெசஞ்சர், இமோ என்று பெயர்கள் பலவாயினும் தொழில் ஒன்று: ஒருவர் மனத்திலுள்ளதை இன்னொருவருக்குத் தனியாகச் சொல்லுதல்.

இவ்வசதியை நாம் பழிக்கப் போவதில்லை. பிரிந்துபோன ஓர் இனத்தை இன்று ஒரு குடும்பமாகக் கட்டிவைத்திருப்பது இதுவே என்பதை நாம் நன்கறிவோம். நாம் கேட்பது வேறு. 'தனிச் செய்தி' என்று பெயரிட்டு நாம் நாளும் அனுப்பும் இம்மடல்களின் அந்தரங்கத்தைக் காப்பவர் யார்? கொண்டுசெல்லும் கம்பனியா, ஆளும் அரசா, அல்லது எழுதியும் பெற்றும் வாழும் நாமா? இம்மூவரும் தத்தம் கடமையில் தவறியிருக்கின்றனர் என்பதே நமது முடிபு. அதனை ஒவ்வொன்றாக ஈண்டு எடுத்துரைப்போம்.

தபாலும் நமது வரலாறும்

கடிதத்தைக் கொண்டுசெல்லும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பது தமிழ் மக்களுக்குப் புதிய வினாவன்று. 1961 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம், ஏப்ரில் 14 ஆம் நாள் தமிழரசுத் தபாற் சேவையாக மலர்ந்தது. தந்தை செல்வநாயகம் அவர்கள் தலைமையில் முத்திரைகள் விற்கப்பட்டன, கடிதங்கள் விநியோகிக்கப்பட்டன. மூன்றே நாட்களில், ஏப்ரில் 17 ஆம் நாள், அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. தலைவர்கள் கைதாகிப் பனாகொடை இராணுவ முகாமில் வைக்கப்பட்டனர். சில முத்திரைகளுக்காக ஓர் அரசு அவ்வளவு வெகுண்டெழுந்தது ஏன்? மக்களின் மடலைச் சுமப்பவன் மக்களின் வாழ்வில் ஒரு பிடியை வைத்திருக்கிறான் என்பதை அவ்வரசு உணர்ந்திருந்தமையாலேயே.

பின்னர் வந்த போர்க்காலத்தில் வேறொரு மடலையும் நாம் கண்டோம். செஞ்சிலுவைச் சங்கத்தினர் சுமந்துவந்த மடல் அது. சிறைக்கும் வீட்டுக்கும் இடையில் வேறு வழியற்றிருந்த காலத்தில் அம்மடலே உயிர்த் துணையாயிற்று. ஆனால் அது திறந்த மடல். குடும்பச் செய்தியன்றி வேறெதுவும் அதில் எழுதலாகாது. வழியிலுள்ள அதிகாரி படிப்பான் என்பதை அறிந்தே தாய் எழுதினாள். அறிந்தே மகன் பதிலெழுதினான். 'சுகம், சுகமறிய ஆவல்' என்ற சொற்களுக்கு அப்பால் இருந்த அனைத்தையும் இருவரும் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டனர். பிறன் படிக்கும் மடலில் மனிதன் தன்னை எழுதுவதில்லை என்ற பாடத்தை அன்று கற்றோம். அப்பாடத்தை நாம் மறக்கலாகாது.

சாவி யார் கையில்?

இன்று நமது மடலைச் சுமப்பது கொழும்பிலுள்ள தபாற் கந்தோருமன்று, யாழ்ப்பாணத்திலே நாம் அமைத்த சேவையுமன்று. அமெரிக்காவின் கலிபோர்ணிய மாநிலத்திலுள்ள ஒரு கம்பனியே அதிற் பெரும்பகுதியைச் சுமக்கிறது. முகநூலை நடத்தும் அக்கம்பனி 2014 இல் 1,900 கோடி டொலர் விலை கூறி வட்ஸ்அப்பையும் வாங்கிக்கொண்டது. இலவசமாகக் கடிதம் சுமக்கும் தொழிலுக்கு இத்துணை விலை கொடுப்பவன் தருமத்துக்காகக் கொடுக்கவில்லை என்பதைத் தோட்டக்காரரும் அறிவார்.

எனினும் நியாயத்தை நியாயமாகவே சொல்லுதல் வேண்டும். வட்ஸ்அப் 2016 ஏப்ரிலில் செய்திகளைப் பூட்டி அனுப்பும் முறையை எல்லாப் பாவனையாளருக்கும் விரித்தது. அனுப்புபவரின் தொலைபேசியிற் பூட்டப்படும் செய்தி பெறுபவரின் தொலைபேசியிலேயே திறக்கப்படும். இடையிற் சுமக்கும் கம்பனியிடமும் சாவி இல்லை. மெசஞ்சரில் இம்முறையைத் தனி உரையாடல்களுக்கு இயல்பாக்கும் வேலை 2023 டிசெம்பரிலேதான் தொடங்கிற்று. அதற்கு முன்னர் அங்கு எழுதியவை, எழுதியவர் தாமே தனியாகத் தெரிவு செய்திருந்தாலன்றி, அவ்வாறு பூட்டப்பட்டவையல்ல. டெலிகிராமிற் பலர் மறைவென நம்பி எழுதுகின்றனர்; அங்கே 'இரகசிய உரையாடல்' என்பதை வேறாகத் தெரிவு செய்தாலன்றிச் செய்தி இருமுனைப் பூட்டுடன் செல்வதில்லை. குழுக்களுக்கு அவ்வசதி அறவே இல்லை.

பூட்டிய உறையிலும் முகவரி வெளியிலேதான் இருக்கிறது. யார் யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை எழுதினார் என்பதைச் சுமப்பவன் அறிவான். ஒருவர் நள்ளிரவில் இருதய வைத்தியருக்கு மூன்று முறை பேசினார் என்றால், என்ன பேசினார் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. அன்றியும், தொலைபேசியிலுள்ள செய்திகளின் பிரதி வேறோரிடத்திற் சேமித்து வைக்கப்படுகிறது. அச்சேமிப்பையும் பூட்டும் வசதியை வட்ஸ்அப் 2021 ஒக்டோபரிற் கொண்டுவந்தது. ஆயினும் அதைப் பாவனையாளர் தாமே தேடிச் சென்று இயக்குதல் வேண்டும். முன்கதவுக்கு இரும்புப் பூட்டும், கொல்லைப் படலைக்குக் கயிறும் கட்டிய வீட்டுக்காரரைப் போல நம்மிற் பலர் இருக்கின்றனர்.

பூட்டை உடைக்காமலே வீட்டுக்குள் ஒளிந்திருப்போரும் உளர். என்.எஸ்.ஓ. என்ற இஸ்ரவேலிய உளவு மென்பொருட் கம்பனி ஏறக்குறைய 1,400 தொலைபேசிகளுட் புகுந்தது என்று 2019 இல் வட்ஸ்அப் வழக்குத் தொடுத்தது. 2024 டிசெம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அக்கம்பனியைப் பொறுப்பாளி எனக் கண்டது. வழியில் மடலைப் பிரிக்க முடியாதவன், எழுதும் மேசையின் அடியிலே வந்து குந்திக்கொள்கிறான்.

அரசின் நீண்ட கை

நமது பெருங்கவலை கம்பனியைப் பற்றியதன்று, அரசைப் பற்றியது. கம்பனி நம்மை விற்கலாம். சிறையிலிட அதனால் இயலாது.

1948 ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனம், தன் 12 ஆம் உறுப்புரையில், எவருடைய அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் வீட்டிலும் கடிதப் போக்குவரத்திலும் ஏதேச்சையாகத் தலையிடலாகாது என்று கூறிற்று. குடியியல், அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச உடன்படிக்கையின் 17 ஆம் உறுப்புரையும் இதனையே வலியுறுத்துகிறது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் 1980 இல் இணைந்தது. இணைந்து 27 ஆண்டுகள் சென்றபின், 2007 இல், அதற்குச் செயல்வலு அளிப்பதென்று 56 ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்திற் கடித அந்தரங்கம் இடம்பெற்றதா? இல்லை. அந்த உரிமை விடப்பட்டது. இடம்பெற்றது 3 ஆம் பிரிவு: இன, மதப் பகைமையைத் தூண்டுதல் குற்றம் என்ற பிரிவு. அக்குற்றச்சாட்டுக்கு ஆளானவருக்குப் பிணை வழங்கும் அதிகாரமும் நீதவானிடமன்றி மேல் நீதிமன்றத்திடமே வைக்கப்பட்டது. மனிதனைக் காக்கவென்று எழுதிய உடன்படிக்கையிலிருந்து கேடயத்தை விட்டுவிட்டு வாளை மாத்திரம் எடுத்துவந்தனர்.

அவ்வாள் யார்மீது விழுந்தது? 2018 இல் அம்பாறையிலும் திகனையிலும் முஸ்லிம் மக்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்த கூட்டத்தைத் தூண்டியோருள் எத்தனை பேர் அதன்கீழ்த் தண்டனை பெற்றனர் என்று நாம் கேட்கிறோம். ஆனால் 2020 ஏப்ரிலிலே, கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த முஸ்லிம் அரச அலுவலர் ஒருவர், இளைப்பாறிய முதியவர், முகநூற் பதிவொன்றுக்காக அதன்கீழ்க் கைதாகி, செப்டெம்பர் வரை மறியலிற் கிடந்தார். 2023 இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, இழந்த மாதங்கள் வரவில்லை. தமிழ் மக்களுக்கோ 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறாகக் காத்திருந்தது. 2024 நவம்பரில், மாவீரர் நாளையொட்டிய முகநூற் பதிவுகளுக்காகவும் கைதுகள் நிகழ்ந்தன.

'அவை பகிரங்கப் பதிவுகள். தனி மடல்கள் அல்லவே' என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆனால் பதிவொன்றுக்காக ஒருவர் கைதாகும்போது அவருடைய தொலைபேசியும் கைதாகிறது. தொலைபேசி ஒரு கடிதமன்று. ஒருவர் பத்தாண்டுகளாக எழுதியதும் பெற்றதுமான கடிதங்கள் அனைத்தும் அடுக்கிய பெட்டகம். மனைவியோடு பேசியது, கடன்காரரோடு பேசியது, வைத்தியருக்குக் காட்டியது, வெளிநாட்டு மைத்துனர் அனுப்பிய காசுக் கணக்கு, எல்லாம் அதனுள் உள. எத்துணை வலிய பூட்டாயினும், திரையைத் திறந்து கையிற் கொடுத்தபின் அதனாற் பயனில்லை. வீட்டைச் சோதனையிட நீதவானின் கட்டளை வேண்டும் என்பது சாதாரணச் சட்டத்தின் பொது நெறி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவோ, கட்டளையின்றியே எவ்விடத்தும் புகுந்து எப்பொருளையும் கைப்பற்றப் பொலிசுக்கு இடங்கொடுத்தது. அச்சட்டம் எழுதப்பட்ட நாளிற் கைப்பற்றக்கூடியது ஒரு கட்டுக் காகிதம்; இன்று கைப்பற்றப்படுவது ஒரு வாழ்க்கை.

இன்னுமொன்று. தமிழில் எழுதிய தனி மடலை வாசிப்பவர் யார்? தமிழறியாத அதிகாரி, அரைகுறை மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு குற்றம் தேடுவாராயின் அது நீதியாகுமா? 'தம்பி' என்று ஒரு தாய் தன் இளைய மகனை விளிக்கிறாள். ஐயக் கண்ணுடன் பார்ப்பவருக்கு அச்சொல்லே சான்றாகிவிடலாம். வீட்டுக்குள்ளே கேலியாகச் சொன்னது விசாரணை மேசையிற் கேலியாகத் தோன்றாது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அம்மொழியில் எழுதும் குடிமகனின் மடலை அம்மொழியின் நயமறிந்தவரே வாசித்தல் வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கையன்று, உரிமைக் கோரிக்கை.

2024 ஜனவரியிற் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் இங்கே நினைவூட்டுகிறோம். அதன் சட்டமூலத்தைப் பரிசீலித்த உயர் நீதிமன்றம் பல வாசகங்களைத் திருத்தும்படி பணித்தது. எது உண்மை, எது பொய் என்று வரையறுக்கும் பொறுப்பில் ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றை அமர்த்த அச்சட்டம் வழிவகுத்தது. குற்றவாளிகளுக்கு ஆண்டுக்கணக்கான சிறையையும் விதித்தது. பெண்களைக் காக்கவும் பிள்ளைகளைக் காக்கவுமே இச்சட்டம் என்றனர். காப்பதில் நமக்குப் பிணக்கில்லை. காவலாளியைக் காப்பவர் யார் என்பதே நம் வினா.

அயல்நாட்டைப் பாருங்கள். 2017 ஓகஸ்ட் 24 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமுகமாகத் தீர்த்தனர். நமது 1978 யாப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் அவ்வுரிமை தனி உரிமையாக எழுதப்படவில்லை. 2022 இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டமொன்று இயற்றப்பட்டது உண்மை. எனினும் சாதாரணச் சட்டத்தை இன்னொரு சாதாரணச் சட்டம் விழுங்கிவிடும். யாப்பில் எழுதாத உரிமை மணலில் எழுதிய உரிமையே.

கலவரக் காலங்களில் அரசு கைக்கொண்ட வழி வேறு: வாயிலையே அடைத்தல். 2018 மார்ச்சில், 2019 ஏப்ரிலில், மீண்டும் அதே ஆண்டு மே மாதத்தில், 2022 ஏப்ரில் 3 ஆம் நாளில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. குண்டு வெடித்த ஞாயிறன்று 'உயிரோடிருக்கிறாயா?' என்று பிள்ளையைக் கேட்ட தாயின் மடலும் கலவரக்காரனின் மடலோடு சேர்த்தே நிறுத்தப்பட்டது. ஊரில் ஒரு திருடன் இருக்கிறான் என்பதற்காக ஊர்க் கிணறுகள் எல்லாவற்றையும் மூடுவார் உண்டோ?

நம் முகத்தை நாமே பார்ப்போம்

அரசைக் குறைகூறி நம்மை மறந்துவிடுதல் எளிது. அவ்வெளிய வழியை நாம் தெரிந்துகொள்ளவில்லை. தனி மடலின் அந்தரங்கத்தை நாள்தோறும் உடைப்பதில் முதலிடம் வகிப்பவர் பொலிசாருமல்லர், கம்பனிக்காரருமல்லர். நாமே.

ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சேரக்கூடிய குழுவை வைத்துக்கொண்டு, அதில் எழுதியதைத் தனிச் செய்தி என்று எண்ணுகிறோம். அது கடிதமன்று, சந்தை. பழைய மாணவர் குழு, கோயிற் குழு, ஊர்ச் சங்கக் குழு ஆகியவற்றில் அறியாத முகங்கள் எத்தனை? பகலிற் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்ற மூத்தோர் வாக்கு, இரவும் பகலும் அற்ற இவ்வரங்குக்கே மிகவும் பொருந்தும்.

நம்பி எழுதிய மடலைத் திரையோடு படம் பிடித்து இன்னொருவருக்கு அனுப்புதல் இன்று விளையாட்டாகிவிட்டது. அன்று கடிதத்தைப் பிரித்துப் படித்த பிள்ளைக்கு அடி கிடைத்தது; இன்று அதே செயலைச் செய்பவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. இதனால் மிகுதியும் எரிபவர் பெண்கள். ஒருவனை நம்பி ஒரு பெண் அனுப்பிய படம், நட்பு முறிந்த மறுநாள் நூறு கைகளிற் சுழல்கிறது. ஊர் அவளைத் தூற்றுகிறது. அனுப்பியவனை 'இளமைத் துடுக்கு' என்று மன்னிக்கிறது. நாம் திட்டமாகச் சொல்கிறோம்: அப்பழி படத்தில் இருப்பவளுடையதன்று, அதைக் கைமாற்றிய ஒவ்வொருவருடையதும் ஆகும். அனுமதியின்றிப் பிறர் கருவியுட் புகுவதும் அதன் செய்திகளை இடைமறிப்பதும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். கைத்தொலைபேசியும் அச்சட்டம் கருதும் கருவியே. மிரட்டலுக்காளான பெண் தனித்து அழவேண்டியதில்லை. 1938 என்ற இலக்கத்திற் பெண்களுக்கான உதவிச் சேவை இயங்குகிறது. அவ்விலக்கத்தைத் தந்தையர் தம் புதல்வியருக்குச் சொல்லி வைப்பது வெட்கமன்று, பொறுப்பு.

அடுத்து வதந்தி. 2018 பெப்ரவரியில் அம்பாறை உணவுக் கடையொன்றிலே கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்தனர் என்ற பொய் தொலைபேசி தொலைபேசியாகத் தாவிற்று. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி எனத் தெளிவாயிற்று. ஆனால் தெளிவு வருமுன் நெருப்பு வந்துவிட்டது. சில நாட்களிற் கண்டி மாவட்டமும் எரிந்தது. அவ்வன்செயலில் தன் தளம் பயன்பட்டமைக்காக முகநூற் கம்பனி 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரிற்று. அவ்வாண்டே, 2018 மேயில், தமிழகத்தின் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்ற வட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், கோயிலுக்குச் சென்ற முதிய பெண்மணியொருவரை அடித்துக் கொன்றது. ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பலாகாது என்ற கட்டுப்பாட்டை வட்ஸ்அப் முதலில் இந்தியாவில் 2018 இலும், பின்னர் 2019 ஜனவரியில் உலகெங்கும் விதித்தது இவற்றின் பின்னரே.

வதந்தியின் கொடுமையைத் தமிழனுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டுமா? 1983 யூலை 29 ஆம் நாள், 'புலிகள் கொழும்புக்கு வந்துவிட்டனர்' என்ற ஒரு பொய் வாய்வழி பரவியது. ஓய்ந்துகொண்டிருந்த வெறி மீண்டும் மூண்டது. வீதியிலே தமிழர் வெட்டுண்டும் எரியுண்டும் மடிந்தனர். அன்று கையிலே வட்ஸ்அப் இல்லை. வாயும் தந்திக்கம்பியும் மாத்திரமே இருந்தன. அந்நெருப்பில் வெந்த இனம், முஸ்லிம் அயலவரைப் பற்றியோ மலையகச் சகோதரரைப் பற்றியோ வேறெவரைப் பற்றியோ, அறியாத ஒரு குரற்பதிவை 'வந்தபடி அனுப்புகிறேன்' என்ற குறிப்போடு தள்ளிவிடுமாயின், அது தன் வரலாற்றையே பழிப்பதாகும். வந்தபடி அனுப்பியவனுக்கும் அதில் பங்குண்டு.

கமக்காரருக்கும் தொழிலறிஞருக்கும்

நமது வாசகர்களுட் பெரும்பாலார் மண்ணை நம்பியும் கல்வியை நம்பியும் வாழ்பவர். அவர்களுக்கு நடைமுறையில் உதவக்கூடிய சிலவற்றைச் சொல்லாது விடுதல் முறையன்று.

தரகர் இரவில் ஒரு விலை சொல்கிறார். விடிய லொறி வந்ததும் வேறொரு விலை சொல்கிறார். இது பழைய நோய். ஆனால் இன்று மருந்து கமக்காரரின் கையிலேயே இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கற் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எச்செய்திக்கும் சட்ட வலு மறுக்கப்படலாகாது என்கிறது. ஆகவே விலையையும் நிறையையும் திகதியையும் எழுத்திற் கேட்டுப் பெறுக. பெற்றதை அழியாது காக்க. தானே மறையும் செய்தியாக விலை பேசும் தரகரை நம்பற்க.

அதே சட்டம் சிலவற்றை விலக்கியும் வைத்திருக்கிறது. காணி விற்பனை, மரண சாசனம், அற்றோணித் தத்துவம் ஆகியன அதனுள் அடங்கா. காணியைக் கைமாற்ற வேண்டுமாயின், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையாக உறுதி முடித்தல் வேண்டும். 'காணி உமக்குத்தான், காசை அனுப்பும்' என்று வெளிநாட்டிலிருந்து வந்த செய்தியை உறுதியென நம்பி முற்பணம் கட்டுவோர், காசையும் உறவையும் ஒருங்கே இழப்பர்.

தெரிந்தவர் பெயரில் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி வந்தால், பணம் அனுப்புமுன் அவர் குரலைக் கேட்டு உறுதி செய்க. ஆறு இலக்க எண்ணொன்று உமது தொலைபேசிக்கு வந்து, அதைத் திருப்பி அனுப்பும்படி யாரேனும் வேண்டினால், அவர் உம் வீட்டுத் திறப்பைக் கேட்கிறார் என்று அறிக. மகனே கேட்பதாகத் தோன்றினும் கொடுக்கற்க.

வைத்தியரும் சட்டத்தரணியும் ஆசிரியரும் தம் கையிலிருப்பது தமது இரகசியமன்று என்பதை உணர்தல் வேண்டும். நோயாளியின் பெயரோடு கூடிய அறிக்கையை வைத்தியர் குழுவொன்றில் இடுதல், ஆலோசனைக்காகவே ஆயினும், அந்நோயாளியை ஊர்ச் சபையில் நிறுத்துவதற்கு ஒப்பாகும். பெயரை மறைத்து அனுப்ப ஒரு நொடி போதும். கட்சிக்காரர் சட்டத்தரணிக்குச் சொன்னதைச் சாட்சியச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் கட்சிக்காரர் அதையே குடும்பக் குழுவிலும் எழுதிவிட்டால் சட்டம் என் செய்யும்? மாணவியின் குறும்பைப் பெற்றோர் குழுவில் எழுதும் ஆசிரியர், அப்பிள்ளை பாடசாலையை விட்டு நின்றபின் வருந்திப் பயனில்லை.

நமது கோரிக்கையும் நமது கடனும்

அரசிடம் நாம் கோருவன நான்கு. முதலாவது, கடிதப் போக்குவரத்தின் அந்தரங்கம் யாப்பிலே அடிப்படை உரிமையாக எழுதப்படுதல் வேண்டும். இரண்டாவது, எவருடைய தொலைபேசியையும் நீதவானின் எழுத்து மூலமான கட்டளையின்றித் திறக்கலாகாது; எக்குற்றத்துக்காக, எக்காலத்துச் செய்திகளை, எவ்வெல்லைக்குள் பார்க்கலாம் என்று அக்கட்டளை வரையறுத்தல் வேண்டும்; அது உரியவரின் மொழியிலே அவர் கையிற் கொடுக்கப்படுதல் வேண்டும். மூன்றாவது, தமிழ் மடலைச் சான்றாகக் கொள்வதாயின், தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமிட்ட பிரதி எதிரிக்கும் அவர் சட்டத்தரணிக்கும் வழங்கப்படுதல் வேண்டும். நான்காவது, மக்கள் அனைவரின் வாயையும் ஒருசேர அடைக்கும் தடையை அமைச்சரின் ஒரு சொல்லுக்கு விடாது, பாராளுமன்றமும் நீதிமன்றமும் ஆராயும் கால எல்லைக்குள் நிறுத்துதல் வேண்டும். தமிழ்ப் பிரதிநிதிகள் இந்நான்கையும் பாராளுமன்றத்தில் எழுப்பாது விட்டால், அவர்களுடைய மடலும் இதே வழியிலேதான் செல்கிறது என்பதை நினைவூட்டுகிறோம்.

வன்செயலைத் தூண்டுவோனைப் பிடிக்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. பிடிக்கத்தான் வேண்டும்; சட்டத்தின் வழியிற் பிடிக்க வேண்டும். ஒரு குற்றவாளியைத் தேடி ஊரின் கடிதங்களையெல்லாம் பிரிக்கும் அரசு, இறுதியிற் குற்றவாளியையும் பிடிப்பதில்லை. மக்களின் நம்பிக்கையையும் வைத்திருப்பதில்லை.

ஆனால் அரசிடம் கேட்கும் ஒழுக்கத்தை நாம் முதலில் நம் வீட்டில் நிலைநாட்டுவோம். நமக்கு வந்த மடலை எழுதியவரின் சம்மதமின்றிப் பிறர்க்குக் காட்டோம். மெய்யென்று அறியாததை மேலே அனுப்போம். ஒரு பெண்ணின் மானத்தை நம் விரலால் விற்போம் அல்லோம். இம்மூன்றுக்கும் சட்டம் வேண்டியதில்லை. அன்று படலையடியில் உறையைப் பிரிக்காது தாயின் கையிற் கொடுத்த பிள்ளையின் மனம் போதும்.

அந்தப் பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியும். கடிதம் தன் பெயருக்கு வரவில்லை என்பதும் தெரியும்.